வெள்ளிக்கிழமை வாசகர்

மெத்தைக் கடைக்கு வருகிறவர்கள் படுத்துப் பார்ப்பது புதிதில்லை. சிலர் செருப்பைக்கூடக் கழற்றாமல் படுப்பார்கள். சிலர் மனைவியையும் பக்கத்தில் படுக்கச் சொல்லிவிட்டுக் கடைக்காரியைப் பார்த்து அசடு வழிவார்கள். அன்று மத்தியானம் வந்த பெண் படுத்த வாக்கில், கூரையைப் பார்த்தபடி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். மெத்தைக்காரம்மாவின் ஒரு வருடப் பெருமை அதோடு மண்ணாய்ப் போனது.

"அக்கா, உங்களுக்கு வெப்சைட் ஏதும் கிடையாதா?"

மெத்தைக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆள் பார்த்துக் கேட்கிறாளே கேள்வியை!

"ஏன் இல்லாம? ஒரு வருஷமா வாரம் தவறாம எழுதறேன். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை. காய்ச்சல்ல படுத்தப்பகூட எழுதினேன்."

வந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். "நிஜமாவா? ரெண்டு வாரமா நெட்ல தேடித் தேடிக் கண்ணு பூத்துப் போச்சுக்கா. எங்க மாடி ரூம்ல கூரை சாஞ்சு இறங்குது. கட்டிலோட ஒரு மூலை சுவருக்குள்ள போகுது. மூலை வெட்டின மெத்தை வேணும்னு எல்லா விதமாவும் அடிச்சுப் பார்த்தேன். ஒருத்தரும் சிக்கல. இன்னைக்கு பஸ்ல போறப்ப சந்துக்குள்ள உங்க போர்டு தெரிஞ்சுது, அதுவும் பாதி போர்டு. சரி, கேட்டுத்தான் பார்ப்போமேன்னு இறங்கி வந்தேன்."

"மூலை வெட்டின மெத்தையா? அதைப் பத்தியே எழுதியிருக்கேனே! வெட்டின இடத்துல ஃபோம் பிதுங்காம ஓரத்தை எப்படித் தைக்கணும், அளவு எடுக்கறப்ப எந்த மூலையிலேர்ந்து ஆரம்பிக்கணும், எல்லாம் இருக்கு. வாங்க, காட்டறேன்."

பின்கட்டில் ஃபோம் பாளங்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. அவற்றுக்கும் தையல் இயந்திரத்துக்கும் நடுவில் இருந்த ஒடுக்கமான இடத்தில்தான் மெத்தைக்காரம்மாவின் மேஜை. கம்ப்யூட்டர் திரையில் சின்ன மெத்தைப் படம் போட்ட பொத்தான் ஒன்று இருந்தது. அதை அழுத்தினால் போதும், இணையதளம் திறக்கும். அந்தப் பொத்தானை வைத்துக் கொடுத்தவர் அவள் கணவர்.

வந்தவள் கட்டுரையைக் கடகடவென்று படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகத்தில் சந்தோஷத்துக்குப் பதில் குழப்பம்தான் கூடிக்கொண்டே போனது. தன் கைபேசியை எடுத்து எதையோ அடித்தாள். மறுபடியும் அடித்தாள். கட்டுரையில் இருந்த ஒரு வரியை எழுத்துப் பிசகாமல் அடித்துப் பார்த்தாள்.

"அக்கா, இது வெளியில எங்கேயுமே இல்ல. நான் பார்க்கற வேலையே இதுதான். கடைங்களோட வெப்சைட்டைத் தேடறவங்க கண்ணுல பட வைக்கறது. உங்க கடைப் பேரைப் போட்டாக்கூட வரலையே. செட்டிங்க்ஸ் திறப்பீங்களா?"

மெத்தைக்காரம்மாவுக்குக் கட்டுரை எழுதும் பக்கம் மட்டும்தான் தெரியும். அந்தப் பெண்ணே மௌஸை வாங்கி உள்ளே உள்ளே போனாள். ஓரிடத்தில் நின்றாள். சின்னதாய் ஒரு கட்டம். அதற்குள் ஒரு டிக். பக்கத்தில், தேடுகிறவர்களுக்கு இந்தத் தளத்தைக் காட்ட வேண்டாம் என்று எழுதியிருந்தது.

"வெப்சைட் கட்டற சமயத்துல இதைப் போட்டு வைப்பாங்க. அரைகுறையா இருக்கறது ஊருக்குத் தெரிய வேண்டாம்னு. திறக்கற அன்னைக்கு எடுத்துடணும். எடுக்க மறந்துட்டாங்க போல."

மறந்துவிட்டார்கள்! ஒரு வருடம்! ஆனாலும் மெத்தைக்காரம்மாவுக்கு எரிச்சலுக்கு நடுவில் ஒரு சின்ன நிம்மதி. அப்படியானால் தோற்றது அவள் எழுத்து இல்லை. யாரோ ஒரு மறதிக்காரன் ஒரு கட்டத்தைக் கவனிக்காமல் விட்டிருக்கிறான், அவ்வளவுதான்.

"ஆனா ஒருத்தர் படிக்கறாரே," என்றாள். "வாராவாரம் கமெண்ட் போடறாரு. இதோ பாருங்க, தூக்கங்கெட்டவன்னு பேரு. அவர் எப்படி வந்தாரு?"

"விலாசம் தெரிஞ்சவங்க நேரா வரலாம். விசிட்டிங் கார்டுல போட்டிருக்கீங்களா?"

"இல்ல. பழைய கார்டு தீரட்டும், அடுத்த தடவை அடிக்கறப்ப போட்டுக்கலாம்னு வீட்டுக்காரர் சொன்னாரு."

"வண்டியில?"

"பெயிண்ட் அடிக்கறப்ப எழுதிக்கலாம்னாரு."

"பில்லுல? போர்டுல?"

மெத்தைக்காரம்மா பில் புத்தகத்தை எடுத்துப் புரட்டிவிட்டு மூடினாள். கேட்டவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. அடுத்தவர் வீட்டு விஷயத்தில் கால் வைத்துவிட்டோம் என்று புரிந்துகொள்ளும் புத்தி அவளுக்கு இருந்தது. கட்டிலின் அளவுகளை எழுதிக் கொடுத்தாள். கிளம்பும்போது மட்டும் வாசலில் நின்று சொன்னாள்:

"அக்கா, டிக்கை எடுத்துடுங்க. ஆனா நாளைக்கே கூட்டம் வந்துடும்னு நினைக்காதீங்க. ஒரு வருஷமா விடாம எழுதிட்டிருந்தவங்க எல்லாம் உங்களுக்கு முன்னாடி நிக்கறாங்க. உங்களுக்கு இன்னைக்குத்தான் முதல் நாள். போன வருஷத்தை யாராலயும் திருப்பித் தர முடியாது. அதுக்காக நிறுத்திடாதீங்க. பாதிப் பேரு நாலு தடவை எழுதிட்டு விட்டுடறாங்க. நிறுத்தாதவங்கதான் நிக்கறாங்க."

நிறுத்தாதவள்தான் நாற்காலியில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

போன வருடம் பெரிய மெத்தைக் கம்பெனி ஒன்றின் ஏஜென்ட் கடைக்கு வந்துபோனதிலிருந்து ஆரம்பித்த விஷயம் இது. கம்பெனி அளவு கொடுக்கும், துணி கொடுக்கும், இவர்கள் தைத்துக் கொடுக்க வேண்டும். மாதா மாதம் வேலை நிச்சயம். ஆனால் மெத்தையில் கம்பெனி முத்திரைதான் இருக்கும், இவர்கள் கடைப் பெயரில் ஒரு தலையணைகூட விற்கக் கூடாது. கணவருக்கு அது பிடித்துப்போனது. அவளுக்குப் பிடிக்கவில்லை. கோணல் கட்டிலுக்கும், படகின் அறைக்கும், முதுகு வளைந்த மனிதருக்கும் அளவெடுத்து மெத்தை செய்கிற கடை அது. அந்த மாதிரி மெத்தை தேடி அலைகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருப்பார்கள், அவர்கள் கண்ணில் படுகிற மாதிரி நாம் இருந்தால் போதும் என்றாள். பட்டறை இரண்டு பேர் பெயரிலும் இருந்ததால் அவள் கையெழுத்தில்லாமல் காரியம் நடக்காது. கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஒரு வருடம் அவள் சொன்னபடி இணையதளம். அதற்குள் அதன் வழியாக ஒரே ஓர் ஆள் வந்தாலும் கம்பெனி வேண்டாம். யாரும் வராவிட்டால் அவள் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போடுவாள்.

கணவர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். தமக்குத் தெரிந்த ஒருவரை வைத்துத் தளத்தையும் கட்டிக்கொடுத்தார்.

ஆரம்பத்தில் அவளுக்கு எழுதவே வரவில்லை. பிறகு பிடி கிடைத்தது. மெத்தை ஏன் நடுவில் குழிகிறது, கணவனும் மனைவியும் வேறு வேறு எடை என்றால் என்ன செய்வது, இரண்டு பேரும் உருண்டு வந்து நடுவில் முட்டிக்கொள்வது அன்பா அல்லது மட்டமான ஃபோமா என்றெல்லாம் எழுதினாள். பதில் மட்டும் வரவில்லை. ஒருமுறை அவளே கடைப் பெயரைத் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. கணவரிடம் கேட்டாள். "புதுசும்மா, நாளாகும். நீ பாட்டுக்கு எழுது," என்றார். நாளாகும் என்பது உண்மையும்கூட. எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அதனால்தான் அந்தப் பொய்யை அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பொறுக்க முடியாமல் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். அடுத்த வாரமே முதல் பதில் வந்தது. "பக்கவாட்டில் படுத்தால் தோள் வலிக்கிறது, கை மரத்துப்போகிறது, உதறினால்தான் உயிர் வருகிறது. உங்களிடம் வழி இருக்கிறதா? இப்படிக்கு, தூக்கங்கெட்டவன்." அன்று அவள் தரையில் நடக்கவில்லை. தோளுக்கு மட்டும் மெத்தென்ற ஃபோம் வைக்கும் ஒரு மெத்தையை யோசித்து, வெட்டி, தைத்துப் பார்த்து, அதைப் பற்றி எழுதினாள். "பிரமாதம்" என்று பதில் வந்தது. அதற்கப்புறம் அவள் எழுதியதெல்லாம் அந்த ஒரு மனிதருக்குத்தான். இந்த வரி அவருக்குப் புரியுமா, இந்த இடத்தில் சிரிப்பாரா என்று பார்த்துப் பார்த்து எழுதினாள். கடைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டாள். தூரத்தில் இருக்கிறேன், பிறகு வருகிறேன் என்றார். பாவம், தூங்காத மனிதர், எப்படி வருவார் என்று இவள் அதற்கும் இரக்கப்பட்டாள்.

இப்போது அந்தப் பதில்களை மேலிருந்து கீழ் வரை படித்துக்கொண்டு வந்தாள். மரத்துப்போகிற கை. உதறுகிற கை. விடிகிற நேரத்தில் அந்த உதறல் பட்டுத் தனக்கு எத்தனை தடவை விழிப்பு வந்திருக்கிறது! ஊருக்கெல்லாம் உடம்பு பார்த்து மெத்தை செய்தவள் பக்கத்தில் படுத்திருக்கும் உடம்பை எழுத்தில் கண்டுகொள்ளவில்லை. அவளுக்கு முகமெல்லாம் சூடேறியது. அது கோபமா வெட்கமா என்று அவளுக்கே தெரியவில்லை.

வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. கணவர் கட்டுக் கயிற்றைச் சுருட்டியபடி உள்ளே வந்தார்.

"ஒரு பொம்பளை வந்திருந்தாங்க," என்றாள். "மூலை வெட்டின மெத்தைக்கு ஆர்டர் கொடுத்துட்டுப் போயிருக்காங்க."

"நல்லதுதானே."

"போறப்ப அந்த டிக்கை எடுக்கச் சொன்னாங்க."

எந்த டிக் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். ஒன்றும் தெரியாதவர் கேட்கும் கேள்வி அதுதான். அவர் கேட்கவில்லை. சுருட்டிய கயிற்றைக் கீழே வைத்துவிட்டு ஃபோம் பாளத்தின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தார். அவளுக்கு மிச்சமிருந்த கடைசிச் சந்தேகமும் அதோடு தீர்ந்தது.

"திறக்கலாமான்னு வெப்சைட் கட்டின ஆள் கேட்டாரு. பொறு, நாலு கட்டுரை ஆகட்டும்னேன்," என்றார் தரையைப் பார்த்தபடி. "நாலு வாரத்துல உனக்கே சலிச்சுடும்னு நினைச்சேன்."

"சலிக்கலையே."

"சலிக்கல."

"அப்புறமாவது?"

"எனக்குப் பயம்மா. எங்கெங்கேர்ந்தோ கூப்பிடுவாங்க, கோணல்மாணலா அளவு சொல்லுவாங்க, ஒண்ணு சரியா வராது, ஒண்ணைத் திருப்பி அனுப்புவாங்க. கம்பெனி வேலைன்னா நிம்மதி. உன்கிட்ட வேண்டாம்னு நேரா சொல்லத் தைரியம் இல்ல."

"தூக்கங்கெட்டவனுக்கு மட்டும் தைரியம் வந்துதா?"

அவர் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ அழுத. என்னால தாங்க முடியல. ஒண்ணே ஒண்ணு எழுதலாம்னு எழுதினேன். நீ எவ்வளவு சந்தோஷப்பட்ட தெரியுமா? அப்புறம் நிறுத்த முடியல."

"கமெண்ட் எழுதறதுக்குப் பதிலா டிக்கை எடுத்திருக்கலாமே. அது இன்னும் சுலபமாச்சே. ஒரு விரல் போதுமே."

"எடுத்தா... ஏன் இத்தனை நாளான்னு கேட்டிருப்ப."

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் கையில் கிடைத்ததை எறிந்திருப்பாள். மெத்தைப் பட்டறையில் கையில் கிடைப்பதெல்லாம் ஃபோம்தான். எறிந்து என்ன பயன்?

"போன வாரம் நானா வந்து உங்ககிட்ட சொன்னேன், ஞாபகம் இருக்கா?" என்றாள். "நான் தோத்துட்டேன், ஏஜென்ட்டை வரச் சொல்லுங்க, கையெழுத்துப் போடறேன்னு. நீங்க என் தோளைத் தட்டிக் கொடுத்தீங்க. நீ முயற்சி பண்ணினியே, அது போதும்மான்னீங்க. அந்தக் கையை எப்படிங்க என் தோள்ல வச்சீங்க?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. அவர் கண் எதிரிலேயே அந்தக் கட்டத்தை அழுத்தினாள். டிக் மறைந்தது. அவ்வளவுதான். சத்தமில்லை, ஒன்றுமில்லை. இதற்குத்தானா ஒரு வருடம் என்று இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சொல்லி வைத்தபடி காலையிலேயே ஏஜென்ட் வந்துவிட்டார். மடிப்புக் கலையாத சட்டை, வாய் நிறையச் சிரிப்பு, பை நிறையக் காகிதம். கம்பெனி முத்திரையின் மாதிரி ஒன்றை மேஜையில் வைத்து, "இனிமே உங்களுக்கு ஒரு கவலையும் இல்ல. விளம்பரம், வெப்சைட் எல்லாத்தையும் நாங்க பார்த்துப்போம். நீங்க தைச்சா மட்டும் போதும்," என்றார்.

"நான் கையெழுத்துப் போடல," என்றாள் மெத்தைக்காரம்மா.

ஏஜென்ட்டின் சிரிப்பு பாதியில் நின்றது. "ஒரு வருஷம் வெப்சைட் நடத்திப் பார்த்தாச்சு, ஒருத்தரும் வரலைன்னு சார் சொன்னாரே?"

"வெப்சைட் நேத்து சாயங்காலம்தாங்க திறந்துச்சு."

"நேத்தா? அப்ப ஒரு வருஷமா..." ஏஜென்ட் கணவரைப் பார்த்தார். அவள் கணவரைப் பார்க்கவில்லை. மேஜை மேல் இருந்த அளவு நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தாள். இந்த இடத்திலும் இவர் ஏதாவது சொல்லி மழுப்பினால் இனி இந்த மனிதரோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

"நான்தான் மூடி வச்சிருந்தேன்," என்றார் கணவர். "அவளுக்குத் தெரியாம."

சங்கடமான சமயத்தில் என்ன சொல்வது என்று கம்பெனி ஏஜென்ட்டுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை போலிருக்கிறது. "அப்ப... யோசிச்சு வைங்க," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் காகிதங்களை அள்ளிக்கொண்டு கிளம்பினார்.

"யோசிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல," என்றாள் அவள். "பேசினது பேசினதுதான். வெப்சைட் ஒரு வருஷம் ஊர் பார்க்கத் திறந்திருக்கட்டும். அப்பவும் யாரும் வரலைன்னா நானே உங்களைக் கூப்பிடறேன்."

அன்று பூராவும் இருவரும் வேலை மட்டும் பார்த்தார்கள். சாய்ந்த கூரைக்கான மெத்தையை அவர் வெட்டினார். மின்கத்தி மூலையில் ஒரு நூல்கூடப் பிசகாமல் இறங்கியது. வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "அந்தப் பக்கம் பிடி" என்றால் பிடித்தாள்.

சாயங்காலம் வழக்கம்போல் மேஜை முன் உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை ஆயிற்றே. நிறுத்தாதவர்கள்தான் நிற்கிறார்கள் என்று அந்தப் பெண் சொன்னது காதில் இருந்தது. என்ன எழுத வேண்டும் என்றும் தெரியும். புது மெத்தையின் வாடை போக என்ன செய்வது என்பதைப் பற்றி எழுதப் போன வாரமே முடிவு செய்து வைத்திருந்தாள். விரல்களை விசைப்பலகையில் வைத்தாள்.

வரவில்லை.

இத்தனை நாள் திரைக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். தூக்கமில்லாமல் சிவந்த கண்ணோடு, தூரத்தில் ஏதோ ஓர் ஊரில், வெள்ளிக்கிழமைக்காகக் காத்துக்கொண்டு இருந்தார். அவரிடம் பேசுவதாக நினைத்தால் போதும், வரி தானாக வரும். இன்றைக்குத் தளம் உலகத்துக்கே திறந்திருக்கிறது, அவளுக்கோ பேச ஓர் ஆள் இல்லை. கணவர் ஏமாற்றியது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த மனிதரையும் அல்லவா பறித்துக்கொண்டுவிட்டார். செத்துப்போனவருக்காவது அழலாம். இல்லாதவருக்கு எப்படி அழுவது?

கணவர் பின்கட்டு வாசலில் வந்து நின்றார். திரையில் எழுத்தில்லாமல் வெள்ளையாக இருப்பதைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"எழுதும்மா. வேற எதுல பொய் சொல்லியிருந்தாலும் அதுல நான் பொய் சொல்லல. வாரா வாரம் படிச்சேன். வண்டியை ஓரங்கட்டிட்டு ஒரு வரி விடாம படிச்சேன். நல்லா இருக்குன்னு எழுதினதெல்லாம் உண்மையாவே நல்லா இருந்துதுன்னுதான் எழுதினேன்."

அவள் திரும்பி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். நேற்றிலிருந்து இப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தாள்.

"நீங்க படிக்காம இருந்திருந்தா மன்னிச்சிருப்பேங்க," என்றாள். "நல்லா இருக்குன்னு தெரிஞ்சும் பூட்டி வச்சீங்களே."